எஃப்எம்இஏ: சேலத்துல இருந்து வந்த நாலு கேள்வி

(எஃப்எம்இஏன்னா, ஒரு பொருளோ மெஷினோ எப்படியெல்லாம் பழுதாகும்னு முன்கூட்டியே யோசிச்சு, ஒவ்வொன்னுக்கும் மார்க் போட்டு தடுக்குற முறை.)

கேள்வி (மெஷின் ஷாப், சிட்கோ எஸ்டேட்): எங்க ஷீட்ல ஆர்பிஎன் எல்லாமே 100க்கு கீழ தான் இருக்கு. புது ஆடிட்டர் இது செல்லாதுங்கறார், ஏன் சார்?

அவர் சொல்றது நியாயம் தாங்க. சிவியாரிட்டி (பாதிப்பு எவ்வளவு பெருசு), அக்கரன்ஸ் (எவ்வளவு அடிக்கடி நடக்கும்), டிடெக்ஷன் (வெளிய போறதுக்கு முன்னாடி பிடிக்கறது எவ்வளவு கஷ்டம்) மூணுக்கும் 1ல இருந்து 10க்குள்ள மார்க் போட்டு பெருக்குறது தான் ஆர்பிஎன்ங்கற ரிஸ்க் நம்பர், அப்படி பெருக்கும்போது மூணுக்கும் ஒரே மரியாதை ஆயிடுது, சிக்கலே அங்க தான். ஸ்டியரிங் பார்ட்ல க்ராக்குனு வைங்க, 10, 4, 2, பெருக்குனா 80. அதே பார்ட்ல பெயின்ட் திட்டுத்திட்டா இருக்கு, 4, 6, 5, பெருக்குனா 120. 100னு கோடு போட்டா பெயின்டுக்கு மீட்டிங் நடக்கும், க்ராக்க யாரும் திரும்பி பாக்க மாட்டாங்க. 2019ல ஏஐஏஜியும் விடிஏவும் (அமெரிக்க, ஜெர்மன் கார் தொழில் அமைப்புகள்) சேந்து போட்ட ஹேண்ட்புக்ல ஆர்பிஎன்ன எடுத்துட்டு, எத முதல்ல சரி பண்ணணும்னு சொல்ற ஆக்ஷன் பிரையாரிட்டி டேபிள் குடுத்தது இதுக்காகத்தான், அதுல க்ராக் ஹை, பெயின்ட் மீடியம். இன்னொன்னு, ஷீட்ட க்யூசி ரூம்ல உக்காந்து மட்டும் நிரப்பாதீங்க, நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர கூப்பிட்டு கேளுங்க, எந்த செட்டிங் எப்ப நழுவும்னு அவருக்கு தான் தெரியும்.

கேள்வி (கொலுசு பட்டறை, செவ்வாப்பேட்டை): கார் கம்பெனிக்கு இது சரி, எங்களுக்கு எதுக்குண்ணே?

குழந்தை கொலுசு செய்யறீங்கல்ல, அதுக்காகவே பண்ணணும். முத்து பத்தவச்ச இடம் விட்டுப்போச்சுன்னா பெரியவங்களுக்கு அது ஒரு ரிப்பேர், அவ்வளவு தான். கைக்குழந்தை அத வாயில போட்டுடுச்சுன்னா மூச்சே அடைக்கும், அதே ஃபெயிலியருக்கு இங்க சிவியாரிட்டி 10. இப்ப என்ன பண்ணலாம்னு பாருங்க. ஒவ்வொரு முத்தையும் இழுத்து பாத்து அனுப்புனா டிடெக்ஷன் நல்லாகும், ஆனா முத்து விடறது நிக்காது. பத்தவைக்கிற சூடு, பொடி அளவு, இணைப்பு சுத்தம் இதெல்லாம் எல்லா ஆளுக்கும் ஒரே மாதிரி ஆக்குனா அக்கரன்ஸ் குறையும். சிவியாரிட்டி இருக்கே, அது எத்தன தடவ செக் பண்ணாலும் 10 தான், டிசைன மாத்துனா தான் எறங்கும். குழந்தைக்கு தனி முத்தே இல்லாத மாடல் போடுங்கண்ணே, சத்தம் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவாயில்ல. ரிப்பேருக்கு திரும்பி வர்ற கொலுசுல எந்த இடம் விட்டிருக்குனு ஒரு நோட்டுல எழுதி வைங்க, அக்கரன்ஸ் மார்க் அந்த நோட்டுல இருந்து வரட்டும், மனசுக்கு தோணுறத போடாதீங்க.

கேள்வி (இன்ஜினியரிங் மாணவி): ஏற்காடு எஸ்டேட்ல காப்பி மூட்டை ஏத்த எலக்ட்ரிக் வண்டி டிசைன் பண்றோம். டிஎஃப்எம்இஏ, அதாவது டிசைனுக்கான எஃப்எம்இஏ, எங்க ஆரம்பிக்கணும்?

பார்ட் லிஸ்ட்ல ஆரம்பிக்காதம்மா, வேலையில ஆரம்பி. "லோடோட மலை எறங்கும்போது வேகத்த கட்டுப்படுத்தணும்"னு முதல்ல ஃபங்ஷன எழுது, அப்புறம் அது எப்படியெல்லாம் தவறும்னு யோசி. எஸ்டேட் மேல இருக்கு, சார்ஜும் மேல தான் போடுவாங்க, ஃபுல் பேட்டரியோட கொண்டை ஊசி வளைவுல எறங்குவாங்க. ஃபுல்லா இருக்குற பேட்டரி ரீஜென் கரண்ட (எறங்கும்போது மோட்டாரே பிரேக் மாதிரி வேலை செஞ்சு திருப்பி அனுப்புற கரண்ட்) வாங்காது, அப்ப பாரம் மொத்தமும் மெக்கானிக்கல் பிரேக் மேல தான் விழும், விடாம மிதிச்சுட்டே வந்தா சூடேறி பிடி விட்டுரும். சமதளத்துல டெஸ்ட் பண்ணா இது கண்ணுக்கே தெரியாது. மேல சார்ஜ ஒரு அளவோட நிறுத்துற மாதிரி வைக்கலாம், ரீஜென் சுத்தமா இல்லைனாலும் தாங்குற பிரேக்க கண்டிப்பா போடணும். ஃபைனல் ரிவ்யூக்கு முந்தின ராத்திரி எழுதுனா பிரயோஜனம் இல்ல, வரைபடம் முடியறதுக்கு முன்னாடியே எழுது. பிஎஃப்எம்இஏங்கறது வண்டிய தயாரிக்கிற வேலைமுறைக்கு போடற எஃப்எம்இஏ, அது அப்புறம்.

கேள்வி (ஜவ்வரிசி ஆலை, ஆத்தூர் பக்கம்): எஃப்எம்இஏவா, ஹேசாப்பா?

உணவு பாதுகாப்புக்கு ஹேசாப் தாங்க, சாப்பாட்டுல ஆபத்து எங்க வரும்னு பாத்து அந்த இடத்த கட்டுப்படுத்துற முறை அது. மெஷினுக்கு எஃப்எம்இஏ தனியா பண்ணுங்க, ரெண்டும் ஒன்னுக்கொன்னு உதவும். சல்லடை கம்பி அறுந்து மாவுல கலந்தா காந்தம் பிடிச்சுக்கும்னு டிடெக்ஷனுக்கு நல்ல மார்க் போட்டுறாதீங்க, கம்பி 304 ஸ்டெயின்லெஸ்னா காந்தத்துல சரியா ஒட்டாது. மெட்டல் டிடெக்டர் வைங்க, ஷிஃப்ட் முடியும்போது சல்லடைய கழட்டி வெளிச்சத்துல பாருங்க.