தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஸ்கூபா டைவிங் செய்தால் பால் கெட்டுவிடுமா?

கெடாது, தாராளமாகச் செய்யலாம். ஆனால் நீங்கள் ஊட்டிக்காரர் என்று கேள்வியிலேயே குறிப்பிட்டிருப்பதால், நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஏழு மாதக் குழந்தையோடு புதுச்சேரிக்குப் போகிறீர்கள், கடலுக்குள் இறங்கினால் நைட்ரஜன் பாலில் கலந்து குழந்தையைப் பாதிக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. குன்னூரில் பள்ளி ஆசிரியை. என் மகன் பால்குடி மறக்காத பருவத்தில் அதே புதுச்சேரிக் கடலில் இறங்கியவள் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் பால். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், அந்த நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. பாலிலும் சிறிது கரையும். ஆனால் அது உடலில் எதனோடும் வினைபுரியாத வாயு. குழந்தை பால் குடிக்கும்போது விழுங்கும் காற்றிலும் இதே நைட்ரஜன்தான் இருக்கிறது. மேலும், அழுத்தத்திற்கு உள்ளானது தாயின் உடலே தவிர குழந்தையின் உடல் அல்ல. முக்குளிப்போரின் பாதுகாப்புக்கென இயங்கும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பும் பாலூட்டுவதைத் தடையாகச் சொல்வதில்லை. என் மாமியாரோ, "பால் உப்புக் கரிக்கும், ஒரு தடவை பீய்ச்சிக் கீழே ஊத்திட்டு அப்புறம் குடு" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். பாலைக் கொட்டவில்லை, ஆனால் கடல்நீரின் உப்பும் கிருமிகளும் தோலில் இருக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் மார்பைக் கழுவிய பின்னரே மகனுக்குக் கொடுத்தேன். அவருக்கும் பாதித் திருப்தி.

என்னை வதைத்தது நைட்ரஜன் அல்ல, வெட்சூட் என்னும் உடம்போடு ஒட்டிய முக்குளிப்பு உடை. எனக்குத் தரப்பட்டது ஆண்களின் அளவு. தோளில் தொளதொளத்த அது நெஞ்சில் மட்டும் மூச்சுமுட்ட இறுக்கியது. படகு தாமதமானதால் பால் நிறைந்த மார்போடு வெகுநேரம் அதற்குள்ளேயே இருந்தேன். கரையேறி ஜிப்பைத் திறந்தபோது உள்ளே நனைந்திருந்தது கடல்நீரால் மட்டுமல்ல. மறுநாள் இடது அக்குள் அருகே பால் கட்டிக்கொண்டு, தொட்டால் சுடுகிற கெட்டியும் காய்ச்சலும் வந்தன. ஆகவே இறங்குவதற்குச் சற்றுமுன் பால் கொடுத்துவிடுங்கள், உடையை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். முக்குளிக்க அழைத்துப் போனவர்களின் கொட்டகையில் பால் கொடுக்க இடம் கேட்டதற்கு, காற்று உருளைகள் அடுக்கிய அறையைக் காட்டினார்கள். கட்டணத்தை முன்பணமாக வாங்குகிறவர்களுக்கு ஒரு திரைச்சீலை கட்டவா வழியில்லை? காது அடைப்புக்கென்று சூடோஎபெட்ரின் உள்ள மாத்திரையை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது பால் சுரப்பைக் குறைக்கும்.

இனி நீங்கள் கேட்காதது. முக்குளித்த உடனே உயரமான இடத்திற்குப் போனால், அங்கே காற்றழுத்தம் குறைவதால் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுபோய்விடக்கூடும். அதனால்தான் ஒருமுறை இறங்கினால் 12 மணி நேரமும், பலமுறை இறங்கினால் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்கிறார்கள். விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1800 முதல் 2400 மீட்டர் உயரத்தின் அழுத்தத்திற்குச் சமம். ஊட்டி 2240 மீட்டர். உங்கள் வீட்டு வாசலும் விமானமும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். இந்த எச்சரிக்கை 600 மீட்டர் உயரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

அன்று மதியம் கரையேறியதும் என் கணவர், "இப்பவே ஊருக்குக் கிளம்பலாமா?" என்று பயிற்சியாளரிடம் கேட்டார். "ஃபிளைட் இல்லையே சார், கார்லதானே போறீங்க, தாராளமா" என்றார் அவர். புவியியல் பாடத்தில் ஆண்டுதோறும் காற்றழுத்தம் நடத்துகிறவளுக்கு அது பொறுக்கவில்லை. அப்போதே கிளம்பியிருந்தால் இரவு பத்து மணிவாக்கில் கல்லாறு தாண்டி மலையேறத் தொடங்கியிருப்போம். கோயம்புத்தூரில் நாத்தனார் வீட்டில் தங்கி, மறுநாள் மதியத்திற்கு மேல்தான் ஏறினோம். அந்நகரம் சுமார் 400 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. இந்தக் குமிழி நோய் வந்தால், காற்றழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை தரும் அழுத்த அறைக்குள் மணிக்கணக்கில் படுத்திருக்க வேண்டியவள் தாய். பாலுக்கு அழும் குழந்தை வெளியே இருக்கும். அத்தகைய அறை எல்லா ஊர் மருத்துவமனையிலும் கிடையாது.

கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கடலுக்குள் போவது தாய்க்கு அழகா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை; அந்த ஒரு மணி நேரம் என் மகனைத் தூக்கி வைத்திருந்தவர் அவன் அப்பா. சிசேரியன் ஆனவராக இருந்தால் தழும்பும் வயிற்றுத் தசையும் ஆறிவிட்டனவா, உருளையைச் சுமக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போது கரு தங்காது என்ற நம்பிக்கையில் மட்டும் இறங்கிவிட வேண்டாம். வயிற்றிலுள்ள சிசுவுக்கு முக்குளிப்பு ஆபத்தானது என்பதால் கர்ப்பிணிகளுக்கு இது அறவே கூடாது. மாதவிடாய் திரும்பாமல் இருந்தாலும் புறப்படும் முன் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.