பழைய பிராண்டு திரும்பி வருகிறது: டிஸ்ட்ரிபியூட்டர்ஷிப் எடுக்கலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த டிவி பிராண்டு ஒன்று மறுபடி வருகிறது. குடியாத்தம், பேர்ணாம்பட்டு, கே.வி.குப்பம் மூன்று தாலுகாவுக்கும் என்னை டிஸ்ட்ரிபியூட்டராகப் போடுகிறேன் என்கிறார்கள். டெபாசிட் 3 லட்சம், முதல் ஸ்டாக் 9 லட்சம், மார்ஜின் 8 சதவீதம். எஃப்.டி.யில் 5 லட்சம் இருக்கிறது. மீதி 7 லட்சத்துக்கு வீட்டு நகையை அடகு வைக்கலாமா சார்?

பதில்: நகையைத் தொடாதீர்கள். இப்போதுள்ள நிபந்தனையில் எஃப்.டி.யையும் உடைக்க வேண்டாம்.

உங்களை நம்ப வைப்பது அந்தப் பெயர். ஆனால் பெயரும் கம்பெனியும் இன்று ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கோடாக் 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. 2013-ல் மீண்டு வந்தபோது பழைய பங்குகள் ரத்தாகிவிட்டன. இன்று இந்தியாவில் கோடாக் பெயரில் வரும் டிவியைத் தயாரிப்பது, லைசென்ஸ் எடுத்த நொய்டா கம்பெனி. அதே கம்பெனி தாம்சன் பெயரிலும் டிவி விற்கிறது. நோக்கியாவும் அப்படித்தான். போன் தொழிலை 2014-ல் மைக்ரோசாஃப்டிடம் விற்றது. அந்த விற்பனையில் சேராத ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதே ஆண்டு நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. பிறகு நோக்கியா பெயரில் போன் கொண்டுவந்தது, 2016-ல் தொடங்கிய ஹெச்எம்டி குளோபல். 2024 முதல் அது தன் சொந்தப் பெயரிலும் போன் விற்கிறது.

நிஜமாகவே மாறிய கம்பெனிகளும் உண்டு. படச்சுருளுக்காகக் கொலாஜனில் (நம் சருமத்திலும் உள்ள புரதம்) சேர்த்த அறிவை வைத்து ஃபியூஜிஃபிலிம் சருமக் கிரீம் வரை போனது. மருத்துவக் கருவிகளிலும் ஊன்றி நின்றது. அங்கே தொழிலே மாறியது. உங்களிடம் வந்திருப்பது பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த பெயர். அது தப்பில்லை. ஆனால் வாடகை முடியும் நாளில் உங்கள் கடையில் எத்தனை பெட்டி இருக்கும் என்பதுதான் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். ஒரு டிவி 15,000 ரூபாய் என்றால் 9 லட்சத்துக்கு 60 டிவி. ஒன்றுக்கு 1,200 வீதம் மொத்த மார்ஜின் 72,000. தீபாவளி ஆஃபரில் ஆன்லைனில் 1,000 ரூபாய் இறக்கினால் நீங்களும் இறக்கியாக வேண்டும்: 60,000 போச்சு. நகைக்கடன் 10 சதவீதம் என்றால் வருஷ வட்டி 70,000; எஃப்.டி.யில் 7 சதவீதம் என்று வைத்தால் இழப்பு 35,000. சேர்த்து மாதம் 8,750. விலை இறங்காமல் ஸ்டாக் மூன்று மாதத்தில் தீர்ந்தால்கூட மாத மார்ஜின் 24,000தான். வட்டி போக மிஞ்சும் 15,250-ல் குடோன் வாடகை, வண்டிக் கூலி, சின்னக் கடைக்காரர்களுக்கு 45 நாள் கடன் எல்லாம் அடங்க வேண்டும். ஆறு மாதம் தேங்கினால் மாத மார்ஜின் 12,000; மிச்சம் 3,250.

அடுத்தது சர்வீஸ். டிவியில் விலை கூடிய பாகம் பேனல். அதில் கோடு விழுந்தால் வாரண்டிக்குள் மாற்றித் தருவது யார், வேலூரில் டெக்னீஷியன் இருக்கிறாரா, பேனல் எங்கிருந்து எத்தனை நாளில் வரும்? கஸ்டமர் கம்பெனிக்குப் போன் போட மாட்டார். உங்கள் கடை வாசலில்தான் நிற்பார். பவர் போர்டு, பேக்லைட் ஸ்ட்ரிப் கைவசம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இந்த வாரமே ஒரு டிவி பெட்டியின் லேபிளைப் படியுங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) இணையதளத்தில் அந்தக் கம்பெனி எந்த ஆண்டு பதிவானது என்று தேடுங்கள். டிரேட்மார்க் தேடலில், டிவி போன்ற மின்னணுப் பொருட்கள் வரும் 9-ம் வகுப்பில் அந்தப் பெயரின் உரிமையாளர் யார் என்று தெரியும்.

தொழில் பிடித்திருந்தால் டிஸ்ட்ரிபியூட்டராக வேண்டாம், டீலராக 8 டிவி எடுங்கள். சுமார் 1.2 லட்சம், கடைப் பணத்திலேயே முடியும். ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் விற்றுப் பார்த்தால் எத்தனை டிவி பழுதாகி ரிட்டர்ன் வருகிறது என்று தெரிந்துவிடும். அதன் பிறகும் டிஸ்ட்ரிபியூட்டர் ஆக நினைத்தால் ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் வேண்டும்: லைசென்ஸ் முடியும் தேதி, விலை இறங்கினால் ஸ்டாக்குக்கு கிரெடிட் நோட் (வித்தியாசத்தை உங்கள் கணக்கில் வரவு வைக்கும் சீட்டு), லைசென்ஸ் போனால் விற்காத பெட்டிகளைத் திரும்ப எடுப்பது, டெபாசிட் திரும்பும் கெடு. வாய்ச்சொல்லில் "பார்த்துக்கலாம் சார்" என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். பணம், ஒப்பந்தத்திலும் ஜிஎஸ்டி பதிவிலும் உள்ள அதே கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு மட்டும் போகட்டும். சேல்ஸ் ஆபீசர் சொல்லும் தனிக் கணக்குக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.