லிங்க் செய்த ரெவிட் கோப்புகளில் தள லெவல்களை எங்கே வைப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால்: கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருளான ரெவிட்டில், ஒரே கட்டடத்துக்கு ஆர்க்கிடெக்சர், ஸ்ட்ரக்சர், எம்.இ.பி. (ஏ.சி., மின்சாரம், பிளம்பிங்) என்று மூன்று கோப்புகள். ஒன்றையொன்று லிங்க் செய்திருக்கிறார்கள், அதாவது ஒரு கோப்பின் மாடல் மற்றொன்றில் பார்வைக்குத் தெரியும். லெவல்களை, அதாவது ஒவ்வொரு தளத்தின் உயரத்தையும் குறிக்கும் கோடுகளை, ஒரு கோப்பில் மட்டும் வரைந்து எல்லோரும் அதையே பயன்படுத்தலாமா, இல்லை ஒவ்வொரு கோப்பிலும் தனியாக வரைய வேண்டுமா?

இரண்டும் சரிப்படாது. லிங்க்கில் இருக்கும் லெவல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் உங்கள் தூணையோ குழாயையோ அதில் நிறுத்த முடியாது. அதற்கு உங்கள் கோப்பிலேயே ஒரு லெவல் வேண்டும். ஆகவே லெவல் எல்லாக் கோப்பிலும் இருக்கும், உயரத்தை முடிவு செய்யும் உரிமை மட்டும் ஒரே கோப்புக்கு. பெரும்பாலும் அது ஆர்க்கிடெக்சர் கோப்பு. சில அலுவலகங்களில் கிரிட்டும் (தூண் வரிசைகளைக் குறிக்கும் கோடுகள்) லெவலும் மட்டுமே உள்ள தனிக் கோப்பு வைப்பார்கள். எனக்கு இந்த ஏற்பாடுதான் பிடிக்கும். சுவரை நகர்த்தப் போய் லெவலைச் சேர்த்து இழுத்துவிட அங்கே சுவரே இல்லையே.

மற்ற கோப்புகளில் கொலாபரேட் பட்டையில் உள்ள காப்பி/மானிட்டரை (காப்பி செய்வதோடு, மூலம் மாறினால் எச்சரிக்கவும் செய்யும் கருவி) திறந்து, லிங்க்கைத் தேர்ந்தெடுத்து லெவல்களைக் காப்பி செய்யுங்கள். டெம்ப்ளேட்டோடு வந்த லெவல்கள் ஏற்கெனவே இருக்கும். அவற்றின் பெயரை லிங்க்கில் உள்ளபடி மாற்றிவிட்டு, ஆப்ஷன்ஸில் 'அதே பெயருள்ள லெவலை மறுபடி பயன்படுத்து' என்பதைப் போட்டுவிட்டால் இரட்டிப்பாகாது. ஸ்ட்ரக்சர் கோப்புக்கு அதே இடத்தில் லெவல் ஆஃப்செட் என்று ஒன்று உண்டு. தரை ஓடும் அதன் கீழ்ப் பூச்சும் சேர்ந்து 50 மி.மீ. என்றால் -50 கொடுங்கள். கான்கிரீட் மட்டம் அந்த இடைவெளியோடு சேர்த்தே கண்காணிக்கப்படும். பெயருக்குப் பின்னொட்டும் சேர்க்கலாம், எது முடித்த தரை, எது ஸ்லாப் என்ற குழப்பம் வராது. அப்புறம் எல்லாவற்றையும் பின் செய்து, நகராதபடி பூட்டிவிடுங்கள். இப்படி வந்த லெவலுக்குப் பிளான் வியூ (அந்தத் தளத்தின் வரைபடம்) தானாக வராது. லெவல் தலை கறுப்பாக இருந்தால் அதற்கு வியூ இல்லை என்று அர்த்தம், பிளான் வியூஸ் கட்டளையில் போய் உருவாக்கிக்கொள்ளலாம்.

இதுவரை எல்லோரும் சரியாகவே செய்துவிடுவார்கள். சிக்கல் வருவது லெவல் மாறும் நாளில்.

ஒரு வேலையில் 3ஆம் தளத்தை 12,600-இலிருந்து 12,450-க்கு இறக்கினோம். பிளம்பிங் கோப்பில் லிங்க்கை ரீலோட் செய்ததும் கோஆர்டினேஷன் ரிவ்யூ தேவை என்று எச்சரிக்கை வந்தது. அதைத் திறந்து நான் 'அக்செப்ட் டிஃபரன்ஸ்' கொடுத்தேன். மாற்றத்தை ஏற்றுக்கொண்டதாக நினைப்பு. அது சொல்வது வேறு: "இரண்டும் 150 மி.மீ. தள்ளி இருப்பது எனக்குத் தெரியும், இனி அப்படியே இருக்கட்டும்." லெவல் நகரவில்லை, எச்சரிக்கை மட்டும் அடங்கிவிட்டது. 3ஆம் தளத்துக்குக் கீழே தொங்கும் கழிவுநீர்க் குழாயின் நடுக்கோடு 12,200-இல். ஸ்லாப் 200, மேலே ஃபினிஷ் 50. இறங்கிய பிறகு ஸ்லாபின் அடியும் அதே 12,200. குழாயில் பாதி கான்கிரீட்டுக்குள்! கிளாஷ், அதாவது பொருள்கள் ஒன்றோடொன்று மோதும் இடங்களைப் பார்க்கும்போதுதான் கண்டுபிடித்தோம். அங்கே கொடுத்திருக்க வேண்டியது, லெவலை மாற்று என்று சொல்லும் 'மாடிஃபை'. முடிவெடுக்க நேரம் வேண்டுமென்றால் 'போஸ்ட்போன்' கொடுத்து வையுங்கள்.

லெவலை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக வரையும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். அழித்தால் அதன்மேல் நிற்கும் பொருள்களும் வியூக்களும் போய்விடும், கண்காணிப்பும் அறுந்துவிடும். பெயர் ஒன்றாக இருப்பதால் ரெவிட் அதைப் பழைய லெவலாக எடுத்துக்கொள்ளாது. நகர்த்துங்கள், பெயரை மாற்றுங்கள், அழிக்காதீர்கள். அதேபோல் எம்.இ.பி. கோப்பு ஸ்ட்ரக்சரைப் பார்த்து, ஸ்ட்ரக்சர் ஆர்க்கிடெக்சரைப் பார்த்து என்று சங்கிலியாகக் கட்ட வேண்டாம். நடுவில் இருப்பவர் ரிவ்யூ செய்யாத வரை கடைசி ஆளுக்குச் சேதியே போகாது.

கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் செக்‌ஷன் வியூ பற்றி அடிக்கடி கேட்கும் இன்னொரு புகார்: "செக்‌ஷனில் இரண்டு லெவலும் ஒரே கோட்டில்தான் நிற்கின்றன, ஒன்று 0 என்கிறது, இன்னொன்று 32,500 என்கிறது." பெரும்பாலும் அங்கே எதுவும் தப்பாக இல்லை. லெவலின் டைப் பிராபர்ட்டீஸில் எலிவேஷன் பேஸ் என்று இருக்கும். ஒரு கோப்பில் அது புராஜெக்ட் பேஸ் பாயின்ட் (கட்டடத்தின் சொந்தத் தொடக்கப் புள்ளி), இன்னொன்றில் சர்வே பாயின்ட் (நில அளவைக்கான புள்ளி). எண் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதுதான் வேறு. இது தெரியாமல் லிங்க்கையே மேலே தூக்கி எண்களைப் பொருத்தப் பார்த்தவர்களைக் கண்டிருக்கிறேன். அதைச் சீர்செய்வது பெரிய தலைவலி.

நேர்மாறான தொல்லையும் உண்டு: எண் ஒன்றாக இருக்கும், கோடு விலகும். இரண்டு கோப்பிலும் 3,050 என்றே காட்டும், உள்ளே ஒன்று 3,049.6. யாரோ சுட்டியால் இழுத்திருப்பார்கள். புராஜெக்ட் யூனிட்ஸில் தசமம் இல்லாமல் முழு எண்ணாகக் காட்டச் சொல்லியிருப்பதால் தெரிவதில்லை. கொஞ்ச நேரத்துக்கு இரண்டு தசம இடங்களைத் திறந்து பாருங்கள். முதல் நாளே, லெவல்களை யாருக்கும் காப்பி செய்யக் கொடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

செக்‌ஷனில் லிங்க்கின் லெவல்கள் இரட்டையாகத் தெரிவது உறுத்தினால், விசிபிலிட்டி கிராஃபிக்ஸில் ரெவிட் லிங்க்ஸ் பகுதிக்குப் போய், கஸ்டம் கொடுத்து, அனோட்டேஷன் வகைகளில் லெவலை அணைத்துவிடலாம். ஆனால் ஒரே ஒரு செக்‌ஷனில் மட்டும் அணைக்காமல் வைத்திருப்பேன், ஷீட்டில் போடாத செக்‌ஷன் அது. லிங்க்கை ரீலோட் செய்ததும் முதலில் திறப்பது அதைத்தான், கோடுகள் விலகியிருந்தால் அங்கே உடனே தெரியும்.