மாணவர் வலைப்பதிவு: சில கேள்விகள், சில பதில்கள்

கேள்வி (தமிழாசிரியை): எங்கள் மாணவர்களின் பதிவுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரு பதிவைத் தனித்துக் காட்டுவது எது?

பதில்: எழுதுபவர் கண்ணால் கண்டது அதில் இருக்க வேண்டும். 2012 ஏப்ரல் இறுதியில் ஸ்காட்லாந்தின் லாக்கில்ப்ஹெட் என்ற சிற்றூரில், மார்த்தா பெய்ன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி, தன் பள்ளி மதிய உணவைப் படம்பிடித்து ‘நெவர்செகண்ட்ஸ்’ என்ற வலைப்பதிவில் எழுதத் தொடங்கினார். சுவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், எத்தனை வாயில் தீர்ந்தது, உடலுக்கு நல்லதா, விலை என்ன, தட்டில் தலைமுடி கிடந்ததா என்று அளவுகோல்களையும் அவரே வைத்துக்கொண்டார். தட்டில் வைத்த ஒற்றை உருளைக்கிழங்கு குரோக்கெட்டை (மசித்துப் பொரித்த சிறு உருளை) நம்பிப் பிற்பகல் முழுவதும் பாடத்தைக் கவனிக்க முடியாது என்று எழுதினார். ஊட்டச்சத்தின் அவசியம் குறித்து நான்கு பத்திகள் எழுதியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த ஜூன் மாதம் உள்ளாட்சி மன்றம் படமெடுக்கத் தடை விதித்தது. எழுந்த கண்டனத்தைக் கண்டு உடனே திரும்பப் பெற்றது. அவருடைய வாசகர்கள் ‘மேரீஸ் மீல்ஸ்’ என்ற பள்ளி உணவு அறக்கட்டளைக்கு அளித்த நன்கொடை ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவி): பொன்மொழியுடன் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். எழுதி முடித்ததும் முதல் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் முதல் பத்தியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி (ஒரு தந்தை): எத்தனை சொற்கள் இருக்க வேண்டும்?

பதில்: சொல்ல வந்தது முடியும் வரை.

கேள்வி (தலைமையாசிரியர்): சாப்பாட்டுத் தட்டைப் பற்றி எழுதுவதெல்லாம் ஓர் எழுத்தா? மாணவர்கள் கல்வி, சமத்துவம் போன்ற பெரிய பொருள்களைத் தொட வேண்டாமா?

பதில்: தாராளமாகத் தொடட்டும். 2009 ஜனவரியில் பிபிசி உருது இணையதளத்தில், ‘குல் மகாய்’ என்ற புனைபெயரில் பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கு மாணவி ஒருவரின் நாட்குறிப்பு வெளிவரத் தொடங்கியது. எழுதிய மலாலா யூசுஃப்சாய்க்கு அப்போது வயது 11. பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போகக் கூடாது என்று தாலிபான்கள் கெடு விதித்திருந்த நேரம் அது. அதைவிடப் பெரிய பொருள் வேண்டுமா? ஆனால் அவர் குறித்துவைத்தது, வகுப்பில் 27 பேரில் 11 பேரே வந்திருந்தார்கள் என்பதையும், சீருடை வேண்டாம் என்று பள்ளித் தலைமையாசிரியர் சொன்னதால் தமக்குப் பிடித்த இளஞ்சிவப்பு உடையில் போனதையும், வண்ண உடைகளும் வேண்டாம் என்று காலைக் கூட்டத்தில் எச்சரிக்கப்பட்டதையும்தான். பெண்கல்வி என்ற பெரிய பொருள் அந்த 16 காலி இடங்களில் இருக்கிறது.

கேள்வி (அதே தலைமையாசிரியர்): அப்படியென்றால் ஆசிரியருக்கு வேலையே இல்லையா? பிழைகளோடு வெளியிட வேண்டுமா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை, ஐயா. எழுத்துப்பிழையையும் தகவல் பிழையையும் கட்டாயம் திருத்துங்கள். ஆனால் மாற்றி எழுதாதீர்கள். ‘எங்கள் பள்ளி நூலகம் மிகவும் பயனுள்ளது’ என்று மாணவர் எழுதினால் அதை மெருகேற்ற வேண்டாம். ‘எந்த நாள்களில் திறந்திருக்கும்? கடைசியாக எந்தப் புத்தகத்தை எடுத்தாய்?’ என்று ஓரத்தில் கேள்வி எழுதித் திருப்பிக் கொடுங்கள். நூலகம் பூட்டியே கிடக்கிறது என்று அவர் எழுதி வந்தால், அதை வெளியிடும் துணிவு பள்ளிக்கு இருக்க வேண்டும். வகுப்பிலேயே சிறந்த பதிவு அதுவாகத்தான் இருக்கும். நம்மில் பலர் மொழியைத் திருத்துகிறோம் என்ற பெயரில் இந்தத் துணிவின்மையை மறைத்துக்கொள்கிறோம்.

கேள்வி (பதினோராம் வகுப்பு மாணவர்): திருக்குறளுடன் தொடங்கினால்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வள்ளுவருக்கும் விலக்கில்லை.

கேள்வி (ஒரு தாய்): மகளின் பதிவை நான் கொஞ்சம் அழகுபடுத்தித் தரலாமா?

பதில்: மாற்றி எழுதாதீர்கள் என்பது பெற்றோருக்கும் சேர்த்துத்தான். செயலியிடம் கொடுத்து அழகுபடுத்துவதும் இதில் அடக்கம்.

கேள்வி (கணினி ஆசிரியர்): வகுப்புத் தோழர்களின் பெயரையும் படத்தையும் போடலாமா?

பதில்: அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் சம்மதிக்காமல் கூடாது. வீட்டு முகவரி, பள்ளிப் பேருந்தின் நேரம் போன்றவற்றைச் சம்மதம் இருந்தாலும் போட வேண்டாம். வலைப்பதிவின் வடிவமைப்பு, எழுத்துரு பற்றிய கேள்விகளை உங்களிடமே அனுப்பிவிடுகிறேன். அவை எனக்குத் தெரிந்த துறை அல்ல.