விற்றுவிட்ட ஆம்புக்கு இன்னும் தவணை

கேள்வி: சார், எனக்கு வயது 31. பகலில் அலுவலகம், வார இறுதியில் ஒரு பேண்டில் பேஸ் கிட்டார். முதலில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் 250 வாட் காம்போ ஆம்ப் ஒன்றை 18 மாதத் தவணையில் வாங்கினேன். சத்தம் போதவில்லை. ஒன்பதாவது மாதம் அதை விற்று, அந்தக் காசை முன்பணமாகக் கட்டி 500 வாட் ஆம்பும் தனியாக ஸ்பீக்கர் கேபினெட்டும் எடுத்தேன். அதற்கு 24 மாதத் தவணை, ஐந்து கட்டியாகிவிட்டது. வெளிநாட்டு வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் இருந்தால்தான் பேஸ் பேஸாகக் கேட்கும் என்று பேண்டில் எல்லோரும் சொல்கிறார்கள். கையில் இருப்பதை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது, மீதிக்கு 36 மாதத் தவணை. என் பெயரில் கடன் தர மறுத்துவிட்டதால் அக்கா பெயரில் எடுக்கலாம் என்றிருக்கிறேன், அக்காவும் சரி என்றுவிட்டார். நல்ல ஆம்ப் ஒரு முதலீடு, பழசானாலும் விலை ஏறும் என்கிறார்கள். சவுண்ட்காரர் வேறு இப்போதே ஆம்பைக் குறை, குறை என்று உயிரை எடுக்கிறார். இவ்வளவு விலை கொடுத்து வாங்குவது தகுமா? கடன் பத்திரங்களும் ஆம்பின் படங்களும் இணைத்திருக்கிறேன்.

பதில்: சிலருக்குத் தகும். இன்றைய நிலையில் உங்களுக்குத் தகாது. ஆனால் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோது என் கண்ணில் குத்தியது ஆம்ப் இல்லை, ‘அந்தக் காசை முன்பணமாகக் கட்டி’ என்ற நான்கு வார்த்தைகள்.

நீங்கள் எழுதிய தொகைகளை அப்படியே வெளியிடவில்லை. உங்கள் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்து எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். கணக்கு தோராயம்தான், ஆனால் கதை மாறாது.

முதல் ஆம்ப் 150. ஆண்டுக்கு 16 சதவீத வட்டி, 18 மாதம், தவணை மாதம் 9.4. ஒன்பது தவணை கட்டியபோது பாக்கி அசல் சுமார் 80. அன்றைக்கு ஆம்பை 90-க்கு விற்றீர்கள். அந்த 90-ல் கடனை அடைத்திருந்தால் கணக்கு அங்கேயே முடிந்து, கையில் பத்தும் மிஞ்சியிருக்கும். நீங்கள் அதை அப்படியே அடுத்த ஆம்பின் முன்பணமாக வைத்தீர்கள். இரண்டாவது ஆம்ப் 240. அதில் 90 போக 150 கடன், 24 மாதம், தவணை 7.35. இப்படியாக, வேறு யார் வீட்டிலோ இருக்கும் காம்போவுக்கு ஐந்து மாதமாகத் தவணை கட்டி வருகிறீர்கள். இன்னும் நான்கு இருக்கிறது.

இதுவரை இரண்டுக்குமாகச் சேர்த்து ஏறக்குறைய 170 கட்டியிருக்கிறீர்கள். இருக்கும் ஆம்பை 140-க்குக் கேட்கிறார்கள். இரண்டு கடனிலும் பாக்கி அசல் சுமார் 160. அதாவது 14 மாதம் கட்டிய பிறகு, எல்லாவற்றையும் விற்று அடைத்தாலும் 20 துண்டு விழுகிறது.

இப்போது மூன்றாவது. விலை 400. பழையதை விற்ற 140 மறுபடியும் முன்பணம். 260 கடன், 36 மாதம், அதே 16 சதவீதத்தில் மாதம் 9 சொச்சம். மூன்று தவணையையும் கூட்டினால் மாதம் 26. சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் ஆம்புகளுக்கே போகும், வீட்டில் இருப்பது ஒரே ஆம்ப். கச்சேரி வருமானம் சராசரியாக மாதம் 8 என்று எழுதியிருக்கிறீர்கள். அது புது ஆம்பின் தவணைக்குக்கூட முழுதாகக் காணாது.

இந்தப் பழக்கத்துக்கு இசைக்காரர்கள் மட்டும் பொறுப்பில்லை. போன், பைக், கேமரா என்று எதிலும் இதே வேலைதான் நடக்கிறது. ‘பழையதைக் கொடுத்துப் புதியதை எடுங்கள்’ என்பவர் பழைய கடனை எடுத்துக்கொள்வதில்லை. அதை மட்டும் உங்களிடமே விட்டுவிடுகிறார்.

ஆம்ப் விஷயத்துக்கு வருகிறேன். நான் இசைக்காரன் இல்லை. என் தம்பி பேஸ் வாசிப்பவன், அவன் கேபினெட்டை மாடிப்படியில் தூக்கித் தூக்கி என் முதுகு இதில் கொஞ்சம் படித்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் நீங்கள் இணைத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆம்பின் பின்பக்கத்தில் 500 வாட் என்றும் அதன் பக்கத்திலேயே 4 ஓம் என்றும் அச்சடித்திருக்கிறது. உங்கள் கேபினெட்டின் தகட்டில் இருப்பது 8 ஓம். ஒரே கேபினெட்தான் வைத்திருக்கிறீர்கள்.

இந்த வகை ஆம்ப் 4 ஓமில் கொடுக்கும் வாட்டில் பாதியோ, பாதிக்குச் சற்றுக் கூடவோதான் 8 ஓமில் கொடுக்கும். ஆக 500 என்று வாங்கியது 250-லிருந்து 300-க்குள் ஏதோ ஒன்றைத்தான் தந்துகொண்டிருக்கிறது. பழைய காம்போவும் 250. வாட் என்ற கணக்கில் உங்கள் இரண்டாவது கடன் வாங்கித் தந்தது அநேகமாகப் பூஜ்யம். இன்னொரு 8 ஓம் கேபினெட்டைப் பக்கத்தில் இணைத்தால் மொத்தம் 4 ஓமாகி முழு 500-ம் வெளியே வரும், காற்றைத் தள்ள ஸ்பீக்கரும் கூடும். உடனே கேபினெட் தேடி ஓடிவிடாதீர்கள். நண்பரிடம் ஒரு நாள் இரவல் வாங்கிப் பார்த்தால் போதும்.

சரி, முழு 500 வந்தால்தான் என்ன? வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும் என்பார்கள், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். பேஸின் தடித்த இ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பி பேஸில் பி கம்பி 31. அந்தத் தாழ்ந்த சுரங்களுக்குப் பசி அதிகம் என்பது உண்மை. ஆனால் உங்கள் பிரச்சினை சத்தக் குறைவே இல்லை என்பதற்குச் சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. குறைக்கச் சொல்கிறார் சவுண்ட்காரர், நீங்கள் கூட்ட ஆம்ப் தேடுகிறீர்கள்!

அவர் ஏன் குறைக்கச் சொல்கிறார்? பெரிய மேடையில் உங்கள் கிட்டாரின் சிக்னலை அவர் டிஐ பாக்ஸ் (சிக்னலை நேராக மிக்ஸருக்கு அனுப்பும் சிறு பெட்டி) வழியாகவோ, ஆம்பின் பின்னாலிருக்கும் டிஐ வழியாகவோ எடுத்து மிக்ஸருக்குக் கொண்டுபோய்விடுகிறார். கூட்டம் கேட்பது மேடையின் இரு பக்கமும் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்களை. பல இடங்களில் அந்த டிஐயை ஆம்பின் டோன் திருகுகளுக்கு முன்னாலேயே எடுத்துவிடுவார்கள். அப்படியானால் நீங்கள் திருகித் திருகிச் செய்த சத்தம் ஒரு சொட்டும் கூட்டத்துக்குப் போவதில்லை. ஆம்ப் அங்கே உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்பதற்காக மட்டும் இருக்கிறது. டிரம்மருக்குக் கேட்க 400 செலவழிப்பது அவர் மேல் உங்களுக்குள்ள பாசத்தைத்தான் காட்டுகிறது.

அந்தப் பெரிய வால்வு ஆம்புகள் பிறந்த காலம் வேறு. 1969-ல் ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்விடி என்ற பேஸ் ஆம்ப் வந்தது. 300 வாட், 14 வால்வு, ஸ்பீக்கர் இல்லாத ஹெட் மட்டுமே 35 கிலோவுக்கு மேல். ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவினர் அந்த ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு அதை எடுத்துச் சென்றார்கள். அப்போது மேடையின் பொது ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் பாடகரின் குரலுக்குத்தான். பேஸ் கடைசி வரிசைவரை போக வேண்டுமென்றால் ஆம்பே தள்ளியாக வேண்டும். இன்று அந்த வேலையை மிக்ஸரும் பொது ஒலிபெருக்கிகளும் பார்த்துக்கொள்கின்றன. அதற்கும் முன்னால், அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனத்தின் ஸ்டுடியோவில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் நேராகப் பதிவு மேஜைக்கே போனது. கிளப் கச்சேரிகளில் அவர் வைத்திருந்த ஆம்பெக் பி-15, 30 வாட்டைத் தாண்டாத சமாச்சாரம்.

வால்வு சத்தத்துக்கு ஒரு ருசி இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அழுத்தி வாசித்தால் லேசாக உறுமும், அந்த உறுமலுக்காகவே காசைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டுடியோவில் மைக் வைத்து ஆம்பின் சத்தத்தையே பதிவு செய்பவர், தூக்கி இறக்க ஆளும் வண்டியும் உள்ளவர், ரொக்கமாகக் கொடுக்க முடிந்தவர் தாராளமாக வாங்கலாம். வாங்கிய பிறகு வருவதையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும். பவர் வால்வுகள் தேயும். மாற்றும்போது ஜோடி பார்த்துச் செட்டாகப் போட வேண்டும், பல ஆம்புகளில் பயஸ் (வால்வில் ஓடும் மின்னோட்ட அளவு) சரிசெய்யத் தெரிந்த ஆள் வேண்டும். வேறு நாட்டு மின்சாரத்துக்குச் செய்த ஆம்ப் என்றால், 120 வோல்ட் சாதனத்தை 230-ல் செருகிய அன்றே கதை முடிந்துவிடும். கனத்த டிரான்ஸ்பார்மர் ஒன்று கூடவே போக வேண்டும். கேரண்டி கடல் தாண்டி வருமா என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு போதாது. 40 கிலோ பெட்டியை ரிப்பேருக்கு அனுப்பும் செலவு, ரிப்பேர் செலவைத் தாண்டினாலும் தாண்டலாம்.

‘முதலீடு’ என்ற சொல்லை யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. அறுபது, எழுபதுகளின் ஆம்புகள் சில விலை ஏறியிருப்பது உண்மை, அவற்றை அப்படியே இனி யாரும் செய்ய மாட்டார்கள் என்பதால். இன்று கடையிலிருந்து வரும் புது ஆம்ப், பெட்டியைப் பிரித்த மறுநாளே செகண்ட்ஹேண்ட். இதற்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை. 150-க்கு வாங்கியதை 90-க்கு விற்றும், 240-க்கு வாங்கியதை 140-க்கு விற்கப் பார்த்தும் நீங்களே இரண்டு தடவை நிரூபித்தாகிவிட்டது. ‘வட்டியில்லாத் தவணை’ என்று யாராவது வந்தால், முழுப் பணம் கொடுத்தால் எவ்வளவு தள்ளுபடி, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். வட்டி அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

அக்கா விஷயம். கடன் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள், லாபம் வரும் என்று தெரிந்தால் தேடி வந்து கொடுப்பவர்கள், உங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றிருக்கிறார்கள். அவர்கள் எடுக்கப் பயந்த ஆபத்தை அக்கா தலையில் வைக்கிறீர்கள். ‘அக்காவும் சரி என்றுவிட்டார்’ என்று எழுதினீர்களே, இரண்டு பழைய கடன் இன்னும் ஓடுவது அவருக்குத் தெரியுமா? நீங்கள் ஒரு மாதம் தவறினால் போன் அவருக்குத்தான் வரும். நாளைக்கு அவர் வீட்டுக்கடனுக்குப் போய் நிற்கும்போது இந்த ஆம்ப் அவர் பெயரில்தான் நிற்கும்.

செய்ய வேண்டியது இதுதான். இருக்கும் ஆம்பை விற்க வேண்டாம், அது போதுமானதற்கும் மேல். முதல் கடனின் நான்கு தவணையை முடியுங்கள். அன்றிலிருந்து விடுபடும் 9.4-ஐயும் சேர்த்து மாதம் 16.8 ஆக இரண்டாவது கடனில் கட்டுங்கள். முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா என்று பத்திரத்தில் பார்த்துவிடுங்கள். 19 மாதம் ஓட வேண்டிய கடன் இப்போதிருந்து பத்து, பதினோரு மாதத்தில் முடியும். கச்சேரிக் காசையும் போட்டால் இன்னும் சீக்கிரம். பிறகு அதே 16.8-ஐயும் கச்சேரிக் காசு 8-ஐயும் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள், இன்னொரு 11 மாதத்தில் 270 சேரும். பழைய ஆம்பை அப்போது 120-க்கு விற்றாலும் 400-க்குப் பத்துதான் குறையும். மொத்தம் இரண்டு வருடத்துக்குள். அக்கா பெயரில் எடுத்தால் கட்டி முடிக்க மூன்று வருடம், அதில் வட்டியே 70-ஐ ஒட்டி.

இடையில் ஒரு சோதனை. அந்த வால்வு ஆம்பை ஒரே ஒரு கச்சேரிக்கு வாடகைக்கு எடுங்கள். பாதி நிகழ்ச்சிக்கு அதில், மீதிக்கு உங்களுடையதில் வாசியுங்கள். எப்போது மாற்றினீர்கள் என்று சொல்லாமல், கூட்டத்தின் நடுவே நிற்கும் நண்பர் ஒருவரிடம் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். மறுநாள் அதை ஹெட்போனில் போட்டு, ஆம்பை மாற்றிய இடத்தைப் பேண்டில் இருப்பவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அக்கா கையெழுத்துப் போட்டாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லையென்றால் இன்று இரவே போன் செய்து, வேண்டாம் அக்கா என்று சொல்லிவிடுங்கள். போட்டிருந்தால், பணம் கைமாறுவதற்கு முன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று காலையில் முதல் வேலையாகக் கடன் கொடுப்பவரிடம் கேளுங்கள். ஆம்பை 140-க்குக் கேட்டவர் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.