மகளிடம் குறை இல்லை

அன்புள்ள ஐயா,

என் மகள் வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பி.ஜி. (முதுநிலைப் படிப்பு) முதல் வருடம். ஆறு வாரமாக வீட்டுக்கு வரவில்லை. போனில் ‘தூக்கம் வருதும்மா’ என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வார்டில் ஒரு பாட்டி இறந்ததைப் போன வாரம் சொன்னாள். குரலில் ஒரு சலனமும் இல்லை. தெரு நாய்க்குட்டி செத்ததற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள் ஐயா இவள். ‘நாங்களும் இப்படித்தான் படித்தோம், உங்கள் பெண்ணுக்குத் தெம்பு போதாது’ என்கிறார் எங்கள் உறவுக்கார டாக்டர். அப்படித்தானா?

ஒரு தாய், குடியாத்தம்

அன்புள்ள அம்மா,

இல்லை. அந்தக் குரலைக் கவனித்தீர்களே, அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். உடல் ஓய்ந்துபோவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, ‘என்னால் ஒன்றும் ஆகவில்லை’ என்று தோன்றுவது: இம்மூன்றும் சேர்ந்ததைத்தான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ‘பர்ன் அவுட்’ என்று வரையறுத்தது. சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தால் வருவது என்றே அது சொல்கிறது. ஆளின் தெம்பைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

அப்பாவோடு ஓர் ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு பயிற்சி மருத்துவர் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தார். நின்றபடியே கண் சொருகியது. பேனா தாளின் அடிவரை கோடாக இழுத்துக்கொண்டு போனது. திடுக்கிட்டு விழித்து, அந்தக் கோட்டை அடித்துவிட்டு, ரத்த மாதிரிக் குப்பிகளைத் தானே எடுத்துக்கொண்டு லேபுக்கு நடந்தார். காலையில் ரவுண்ட்ஸில், ரிப்போர்ட் வரவில்லை என்று நோயாளிகள் முன்னாலேயே அவருக்குத் திட்டு விழுந்தது.

காரணம் மொத்தமும் அந்த ஓர் இரவில் இருக்கிறது. பி.ஜி. டாக்டர்களுக்கு வாரம் 48 மணி நேரம் வேலை, ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லிவிட்டது. 2023-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணைய விதிகள் வார விடுமுறை தரச் சொல்கின்றன; வேலை நேரத்துக்கு மட்டும் ‘நியாயமான’ என்ற சொல்லோடு நின்றுவிட்டன. அடுத்த ஆண்டு ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று பரிந்துரைத்தது. விதி இருந்தும் டியூட்டி லிஸ்ட் மாறாதவரை என்ன பயன்?

வேலூர்க்காரர்கள் நாம் ஐடா ஸ்கடர் கதை கேட்டு வளர்ந்தவர்கள். இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரியை 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய டாக்டர் அவர். டாக்டருக்கு அலுப்பே வராது என்று அந்தக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். தனி ஆளால் முடியாது என்று கண்டுதான் அவர் 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியே தொடங்கினார். இன்றும் கேட்க வேண்டியது அதைத்தான், கூடுதல் கைகள். மாதிரிகளைக் கொண்டுபோக ஓர் ஆள், டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்ச ஓர் ஆள், இரவு டியூட்டி முடிந்தால் காலையில் பொறுப்பேற்க இன்னொரு டாக்டர். இதைச் செய்யாமல் யோகா வகுப்பு வைத்தால், அந்தப் பிள்ளைகளின் தூக்கத்தில் இன்னும் ஒரு மணி நேரம்தான் போகும்.

நீங்கள் இந்த ஞாயிறே ரயில் ஏறிப் போய்ப் பாருங்கள். எதுவும் கேட்காதீர்கள். சாப்பிட வைத்துத் தூங்க விடுங்கள். எழுந்த பிறகு, ‘வாழவே பிடிக்கவில்லையா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாதீர்கள், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். விடுப்பு எடுக்க நினைத்தால் ‘படிப்பு என்னாகும்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அம்மா.