தம்பி, மைக் அப்புறம், முதல்ல காது

தம்பிக்கு,

நீ எழுதியிருந்ததைச் சுருக்கமாச் சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியட்டும். ஊர் வலங்கைமான் பக்கம். 6 வருஷமா கபடிப் போட்டிக்கு மைக் பிடிச்ச பழக்கம். இப்ப லண்டன்ல விளையாட்டு இதழியல் மாஸ்டர்ஸ், வந்து 3 மாசம். டிவியில விளையாட்டுத் தொகுப்பாளர் ஆக முடியுமா, நம்ம உச்சரிப்பு இடிக்குமா, எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டிருந்தே.

நான் 17 வருஷமா அங்க இருக்கேன். திரையில ஒருநாளும் வந்ததில்ல. தொகுப்பாளர் பார்த்துப் படிக்கற வரிகளைத் திரையில நகர்த்தற ப்ராம்ப்டர் ஓட்டறதுல ஆரம்பிச்சு, இப்ப விளையாட்டு ஒளிபரப்புல தயாரிப்பு ஒருங்கிணைப்பு பார்க்கறேன். தொகுப்பாளருங்க காதுல யார் என்ன சொல்றாங்கன்னு தினம் கேக்கற ஆள். பொங்கலுக்கு நீடாமங்கலம் வந்திருக்கேன், அதான் பதில் லேட்டு. லேட்டானதும் ஒருவகையில நல்லதுதான். நேத்து ராத்திரி கோயில் திடல்ல கபடி. உன் கேள்விய வச்சுக்கிட்டே பார்த்தேன்.

அரையிறுதி, மணி 11 இருக்கும். 2 புள்ளிதான் வித்தியாசம், ரைடு போய்க்கிட்டிருக்கு, ஜெனரேட்டர் நின்னுபோச்சு. மைக்செட் மட்டும் பேட்டரியில ஓடிச்சு. மைக் பிடிச்ச பையன் இருட்டுல என்ன செஞ்சான் தெரியுமா? முதல்ல, குழந்தைங்களக் கோட்டுக்கிட்ட விடாதீங்கன்னான். வழியை மறிச்சு நின்ன டிஎன் 50 வண்டிக்காரரைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னான். அப்புறம் கூட்டத்துல இருந்த பழைய ஆட்டக்காரர் ஒருத்தரை இழுத்துட்டு வந்து, கணுக்கால் பிடிக்கு எந்தக் கால முன்ன வைக்கணும்னு கேட்டான். அந்தப் பெரியவர் ஆரம்பிச்சாரு பாரு, 20 நிமிஷம் ஒருத்தரும் எழுந்து போகல. லைட் வந்ததும் அவன் வாயில வந்த முதல் வார்த்தை ஸ்கோர்: "21க்கு 19, ரைடுல இன்னும் 12 செகண்டு!"

ஆட்டத்தைச் சொல்றவர் வர்ணனையாளர். ஆட்டம் நிக்கறப்ப ஒளிபரப்பைத் தாங்கறவர் தொகுப்பாளர். நீ இது ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கற மாதிரி தெரியுது. உன் கடிதத்துல முக்கால்வாசி வர்ணனை பத்தித்தான் இருக்கு.

டெஸ் லைனம்னு பிபிசியில விளையாட்டுத் தொகுப்பாளரா இருந்த ஒருத்தர், தேடிப் பாரு. அயர்லாந்துல என்னிஸ்ங்கற ஊர்ல 1942-ல பிறந்தவர். சின்ன வயசுலயே குடும்பத்தோட இங்கிலாந்துல பிரைட்டனுக்குக் குடிவந்தாங்க. இன்சூரன்ஸ்ல வேலை பார்த்தார். அதை விட்டுட்டு பிபிசி பிரைட்டன் வானொலி, அங்கேருந்து தேசிய வானொலி, பாக்ஸிங் வர்ணனை, அப்புறம்தான் டிவி. நேரா ஸ்டூடியோ நாற்காலியில போய் உக்காரல.

1997 ஏப்ரல் 5, சனிக்கிழமை. லிவர்பூல் பக்கம் ஐன்ட்ரீ மைதானத்துல கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம். நாடே டிவி முன்னாடி. வெடிகுண்டு மிரட்டல் வந்து மொத்த மைதானத்தையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அன்னிக்கு அந்தப் பந்தயம் ஓடவே இல்ல, திங்கட்கிழமைதான் ஓடிச்சு. எழுதி வச்சதெல்லாம் குப்பைக்குப் போக, லைனம் என்ன தெரியுமோ அதை மட்டும், பதறாம சொல்லிக்கிட்டே இருந்தார். நேத்து நம்ம பையன் செஞ்ச அதே வேலை.

அடுத்த வருஷம் உலகக் கோப்பைக் கால்பந்து, இங்கிலாந்துக்கும் துனிசியாவுக்கும் ஆட்டம். திங்கட்கிழமை மத்தியானம். ஆபீசுக்கு மட்டம் போட்டுட்டுப் பாதி நாடு உக்காந்திருக்கு. அவர் தொடங்கினதே, 'இந்நேரம் நீங்க வேலையில இருக்கணுமே?'ங்கற மாதிரி ஒரே வரி. இன்னிவரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க. அடுக்குமொழியே கிடையாது பாரு. நீ கடிதத்தோட அனுப்பின பேச்சுப் பதிவுல முதல் 30 செகண்டு முழுக்க அடைமொழி. அதைக் குறைச்சுடு.

இப்ப காது. தொகுப்பாளர் காதுல ஒரு இயர்பீஸ் இருக்கும். டைரக்டர், தயாரிப்பாளர், நேரம் எண்றவங்க எல்லாரும் அதுல பேசுவாங்க. சிலர் தனக்குச் சொல்றதை மட்டும் கேட்டுப்பாங்க. சிலர் கட்டுப்பாட்டு அறையில பேசற மொத்தத்தையும் திறந்து வச்சுக்கிட்டே பேசுவாங்க. அவங்க காதுக்குள்ள ஒரு சந்தையே நடக்கும். "அடுத்த வீடியோ ரெடியில்ல, 40 செகண்டு இழு"ன்னு குரல் வரும், முகத்துல ஒண்ணும் தெரியக்கூடாது. பத்து, ஒன்பது, எட்டுன்னு எண்ணுவாங்க, பூஜ்யத்துல வாக்கியம் முடியணும். நான் புதுசா ப்ராம்ப்டர் ஓட்டினப்ப ஒருநாள் ஒரு பக்கத்தைத் தாண்டிட்டேன். எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. அன்னிக்குத் தொகுப்பாளரா இருந்த அம்மா கண்ணைக்கூட அசைக்காம, பக்கத்துல இருந்த முன்னாள் வீரரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாங்க. நான் சரியான இடத்துக்கு வந்து சேர்ற வரைக்கும் அவர்தான் பேசினார். பார்த்தவங்க யாருக்கும் தெரியாது.

உச்சரிப்பு பத்தி. கிரிக்கெட் வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே ஹைதராபாத்காரர், கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சவர், இந்தியாவுக்காக ஆடினவர் இல்ல. 1990-களின் தொடக்கத்துலயே ஆஸ்திரேலிய வானொலியில நம்ம ஊர் இங்கிலீஷ்லதான் பேசினார். தெளிவு போதும், வெள்ளைக்காரனாட்டம் நாக்கைச் சுழட்ட வேண்டாம். ஈசா குஹாவை உதாரணமாச் சொல்லியிருந்தே. அவங்க இங்கிலாந்துலயே பிறந்து, 2009-ல மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை ஜெயிச்ச அணியில ஆடினவங்க. அது வேற பாதை. பெரிய நாற்காலிகளைப் பெரும்பாலும் முன்னாள் வீரர்கள்தான் பிடிக்கறாங்க. இங்கிலாந்துக்குக் கால்பந்து ஆடின காரி லினேக்கர் 1999லேருந்து 2025 வரைக்கும் பிபிசியோட கால்பந்து நிகழ்ச்சி 'மேட்ச் ஆஃப் தி டே'யில உக்காந்திருந்தார், கணக்குப் போட்டுக்க. அதனால உச்சரிப்பைவிட இதுதான் உன்னை அதிகமா இடிக்கும்னு எனக்குத் தோணுது.

அதைவிடப் பெரிய இடி விசா. இதை ஒருத்தரும் உனக்குச் சொல்லல போலிருக்கு. தொகுப்பாளர் வேலை பெரும்பாலும் மாசச் சம்பளம் இல்ல, ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு ஒப்பந்தம். உன் ஸ்டூடண்ட் விசாவுல படிப்பு நடக்கறப்ப வாரம் 20 மணி நேரம்தான் வேலை, சுயதொழில் அறவே கூடாது. ஒருநாள் ஒப்பந்தம்னு எவனாவது கூப்பிட்டு, 'இன்வாய்ஸ் கொடு'ன்னா போயிடாதே. படிப்பு முடிச்சு கிராஜுவேட் விசா எடுத்தா சுயதொழில் செய்யலாம். அந்தக் காலத்தைத்தான் நீ குறி வைக்கணும். அதுக்கப்புறம் ஸ்கில்டு ஒர்க்கர் விசான்னா பொதுவா வருஷம் 41,700 பவுண்டு சம்பளம் காட்டற முதலாளி வேணும். புது முகத்தைத் திரைக்குன்னு ஸ்பான்சர் பண்ற ஆளை நான் இன்னும் பார்க்கல. தயாரிப்புப் பக்கம் பார்த்திருக்கேன்.

நம்ம பக்கத்து வீடுகள்ல வாசல் அடைச்சிருந்தா கொல்லை வழியா வருவோமே, அந்த மாதிரி வா. எடுபிடி வேலை பார்க்கற ரன்னர், ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கற லாகர், உதவித் தயாரிப்பாளர். காசு முன்னபின்னதான் வரும். ஒரு கம்பெனி, பேர் வேண்டாம், என்னோட 3 வாரச் சம்பளத்தை 5 மாசம் இழுத்தடிச்சுது. அந்தக் குளிர்ல ஈஸ்ட் ஹாம் இட்லிக் கடைக்குப் போறதைக்கூட நிறுத்தியிருந்தேன்.

உன்கிட்ட அங்க முக்காவாசிப் பேருக்கு இல்லாதது ஒண்ணு இருக்கு. கபடி. பிரிட்டிஷ் கபடி லீக் 2022-ல தொடங்கி பிபிசியோட இணையத் தளமான ஐபிளேயர்ல வந்துச்சு. 2025 மார்ச்சுல வெஸ்ட் மிட்லண்ட்ஸ்ல கபடி உலகக் கோப்பையே நடத்தினாங்க. போனஸ் கோடு, சூப்பர் டேக்கிள் மாதிரி கபடி விதியெல்லாம் புரிஞ்சு, 30 செகண்டு ரைடுக்குள்ள அதை வெளியாளுக்கு விளக்கத் தெரிஞ்ச ஆள் அங்க ரொம்பக் கம்மி. வர்ற சீசன்ல போய் தன்னார்வமா நில்லு. போறதுக்கு முன்னாடி உன் கல்லூரி விசா அலுவலர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க.

தமிழ்லதான் பேச ஆசைன்னா அது தனிக் கணக்கு. எங்கப்பா ரைஸ் மில்லுல ரேடியோவுல அப்துல் ஜப்பாரோட தமிழ்க் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டுத்தான் பொங்கல் டெஸ்ட் முழுக்க 'பார்த்தார்'. இப்ப ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ்னு விளையாட்டு சேனலே 2017லேருந்து இருக்கு, அதுக்கு லண்டன் தேவையே இல்ல. யோசிச்சு முடிவு பண்ணு.

நான் சனிக்கிழமை கிளம்பறேன். அதுக்குள்ள 2 நிமிஷப் பதிவு ஒண்ணு அனுப்பு. ஒரு காதுல ஹெட்போன் மாட்டிக்க, உன் ரூம்மேட்டை அதுல கண்டதையும் பேசச் சொல்லு, கடைசி 10 செகண்டு எண்ணச் சொல்லு. நீ பூஜ்யத்துல முடிக்கணும். ஒரே டேக், வெட்டி ஒட்டாதே, எனக்குத் தெரிஞ்சுடும்.

உங்க அம்மா ஏதாவது கொடுத்தனுப்பணும்னா வெள்ளிக்கிழமைக்குள்ள நீடாமங்கலம் வந்து கொடுக்கச் சொல்லு. 2 கிலோவுக்கு மேல வேண்டாம். ஊறுகாய்னா ரெண்டு கவர் போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லு, போன தடவை ஒருத்தரோட நார்த்தங்காய் என் கோட்டுல இறங்கிடுச்சு.

அக்கா